தொட்டியில் எலுமிச்சை: ‘குட்டை மரம்’ வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்தில் குடியிருந்தவரை எலுமிச்சைக்குக் காசு கொடுத்த குடும்பங்கள் குறைவு. லயத்து வீட்டின் பின்புறம், பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் ஒரு மரம் நிற்கும். ஊறுகாய் போட, காய்ச்சல்காரருக்குச் சாறு பிழிய, அம்மனுக்கு மாலை கோக்க, புது மோட்டார் சைக்கிளின் சக்கரத்தடியில் வைக்க என்று எல்லாவற்றுக்கும் அதே மரம்தான். யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. யாரும் உரம் போட்டதும் இல்லை. தோட்டம் கைமாறி, குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகுதான் எலுமிச்சை கடையில் எண்ணி வாங்கும் பொருளானது.

இப்போது வாசலில் இருப்பது கார் நிறுத்தியது போக மிஞ்சும் சிமெண்டுத் தரை. மாடி வீடு என்றால் ஒரு தாழ்வாரம். அந்த இடத்துக்கு ஏற்றது என்று சொல்லித்தான் நாற்றுப் பண்ணைகளிலும் இணையக் கடைகளிலும் ‘குட்டை எலுமிச்சை’க் கன்றுகளை விற்கிறார்கள். முழங்கால் உயரச் செடியில் ஐந்தாறு காய்கள் தொங்கும். பார்த்தவுடன் ஆசை வரும். வாங்கிவந்த சில வாரங்களில் காய் உதிர்ந்து, அதன்பின் இரண்டு வருடமாக ஒரு பூகூடக் காணோம் என்று சொல்பவர்கள் ஏராளம். இலை மஞ்சளாகிச் செடியே போய்விட்டது என்பவர்களும் உண்டு. இதில் விற்றவர் ஏமாற்றினார் என்பது பாதிக் கதை. வாங்கியது என்ன என்று தெரியாமல் வளர்த்தது மீதிக் கதை.

குட்டை என்பது தனிச் சாதியா?

பெரும்பாலும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒட்டுக்கன்று புதிதல்ல. விதையில் முளைத்த செடியின் அடித்தண்டில் நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டைப் பதித்துக் கட்டுவார்கள். பிடித்துக்கொண்டதும் மேல்பகுதியை வெட்டிவிடுவார்கள். கீழே ஒரு மரத்தின் வேர், மேலே இன்னொரு மரத்தின் கிளை. எலுமிச்சையிலும் இதே வேலைதான் நடக்கிறது. வேருக்கு எந்தச் செடியை எடுக்கிறார்களோ அதைப் பொறுத்து மேலே உள்ள மரம் உயரும் அல்லது அடங்கும்.

மேல்நாடுகளில் ‘குட்டை லெமன்’ என்று விற்கப்படும் மரங்களில் பல இப்படி அடங்கும் வேரில் ஒட்டியவை. அவற்றில் பெயர்பெற்றது ‘ஃபிளையிங் டிராகன்’ என்பது. ஜப்பானிலிருந்து போன மூன்றிலை வகை. தண்டும் முள்ளும் பாம்பாக வளைந்து நெளிந்திருக்கும். அதில் ஒட்டிய மரம் பல வருடம் ஆனாலும் ஏறக்குறைய இரண்டு மீட்டரோடு நின்றுவிடும். ஆனால் அது குளிர்நாட்டுச் செடி, பனிக்காலத்தில் இலையுதிர்ப்பது. நம் ஊர்ச் சந்தையில் கன்றின் சீட்டில் வேர் எந்த வகை என்று எழுதியிருப்பது அபூர்வம். விற்பவரைக் கேட்டு அவருக்கும் தெரியவில்லை என்றால், அது சாதாரணக் கன்று என்றே எடுத்துக்கொண்டு வளர்ப்பது நல்லது.

அதனால் நட்டமில்லை. நம் ஊரில் மரத்தைச் சின்னதாக வைத்திருப்பவை வேறு மூன்று: ஏற்கெனவே காய்த்த கிளையிலிருந்து எடுத்த கன்று, வேரை அடக்கி வைக்கும் தொட்டி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கத்தரிக்கோல். இந்த மூன்றும் இருந்தால் தோட்டத்தில் கூரையைத் தொட்ட அதே எலுமிச்சை, தொட்டியில் மார்பளவில் நின்று காய்க்கும்.

விதை போட்டு வளர்ப்பதைப் பற்றிப் பலருக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. எலுமிச்சை விதையிலிருந்து வரும் செடி பெரும்பாலும் தாய்மரத்தைப் போலவே இருக்கும். ஒரே விதையில் இரண்டு மூன்று முளை வருவதைக் கவனித்தவர்கள் இருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாயின் நகல்கள். சிக்கல் காலம்தான். விதைச்செடிக்குப் பிள்ளைப்பருவம் உண்டு. நாலைந்து வருடம், சில சமயம் அதற்கும் மேல், முள்ளும் இலையுமாக வளர்ந்துகொண்டே போகும். உயரமாகிறதே என்று நுனியை வெட்ட வெட்ட அந்தப் பருவம் இன்னும் நீளும். நிலத்தில் இடம் இருப்பவர் காத்திருக்கலாம். தொட்டிக்கு விதைச்செடி வேண்டாம்.

எந்த எலுமிச்சை?

நம் சமையலறையில் ‘எலுமிச்சை’ என்பது லீமாவ் நிப்பிஸ். மெல்லிய தோல், நிறைய விதை, கூர்மையான புளிப்பு, தோலை உரசினாலே வரும் வாசனை. உப்பு ஊறுகாய்க்கும் பூசைக்கும் இதற்கு நிகர் வேறில்லை. சமவெளி வெப்பத்தில் பிறந்து வளர்ந்ததுபோல நிற்கும். குறை இரண்டு. முள் அதிகம், நடைபாதையில் வைத்தால் பிள்ளைகளின் கண் உயரத்தில் கிளை நீளாமல் பார்க்க வேண்டும். அடுத்தது, சொறிநோய் இதை எளிதில் பிடிக்கும். அதைப் பற்றிப் பின்னால்.

விதையில்லாத லீமாவ் நிப்பிஸ் என்று விற்பது தாஹித்தி வகை. காய் பெரியது, சாறு அதிகம், முள் மிகக் குறைவு. தொட்டியில் கையாள எளிது. தண்ணீரில் கலந்து குடிக்கவும் ரசத்தில் பிழியவும் நன்றாக இருக்கும். வாசனையில் மட்டும் சின்ன எலுமிச்சையிடம் தோற்றுவிடும். விதை இல்லாததால் இதைக் கன்றாக மட்டுமே வாங்க முடியும்.

தொட்டிக்கென்றே பிறந்தது லீமாவ் கஸ்தூரி. அடர்ந்த சின்ன மரம், வருடம் முழுக்கப் பூவும் காயும். சொறிநோயை நன்றாகத் தாங்கும். அரைநாள் வெயில் மட்டும் விழும் தாழ்வாரத்திலும் ஓரளவு காய்க்கும். இதுவரை ஒரு செடியும் வளர்த்துப் பிழைக்க வைத்ததில்லை என்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். இரண்டு வருடம் கஸ்தூரியைக் காப்பாற்றியவருக்கு எலுமிச்சையும் வசப்படும். வெயில் அதையும்விடக் குறைவு என்றால் லீமாவ் பூருட் வைக்கலாம். அதில் நமக்கு வேண்டியது இலைதான், காய்க்காவிட்டாலும் பாதகமில்லை.

சீனப் பெருநாளுக்கு முன் கடைவாசல்களில் நிற்கும், காய் அடைந்த தொட்டிச் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெருநாள் முடிந்ததும் அவற்றை வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். நம்மவர் பலர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். தப்பில்லை. ஆனால் அவை அலங்காரத்துக்காக வளர்க்கப்பட்டவை. பூச்சிமருந்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தக் காய்களைச் சாப்பிடக் கூடாது. எல்லாவற்றையும் பறித்துப் போட்டுவிட்டு, மண் மாற்றி, அடுத்த காய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

மஞ்சள் லெமன் மேல்தான் இப்போது பலருக்கும் கண். யூரேக்கா, லிஸ்பன் என்ற இரண்டும் உலகச் சந்தையில் விற்கும் லெமன்கள். இரண்டும் நன்றாக உயரும் மரங்கள். மேயர் என்பது இவற்றினும் சிறியது. ஃபிராங்க் மேயர் என்பவர் 1908இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கலப்பினம். தொட்டிக்கு மேயர் பொருந்தும். தோல் மென்மை, புளிப்பு மட்டம், லேசான இனிப்பு. கேக்குக்கும் குளிர்பானத்துக்கும் சரி; ஊறுகாய் போட்டால் சப்பென்று இருக்கும்.

லெமன் வாங்குபவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் பார்க்கும் அந்தப் பளீர் மஞ்சள், குளிர்ந்த இரவுகளால் வருவது. கேமரன் மலையில் கிடைக்கும் நிறம் கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ கிடைக்காது. நம் சமவெளியில் லெமன் பழுத்தும் பெரும்பாலும் பச்சையாகவே, மிஞ்சினால் வெளிர்மஞ்சளாகவே இருக்கும். மஞ்சளாகட்டும் என்று மரத்திலேயே விட்டுவைத்தால் உள்ளே சாறு வற்றிச் சக்கையாகும். நிறத்தைப் பார்க்காமல், காய் பருத்துத் தோல் மினுமினுப்பானதும் பறித்துவிட வேண்டியதுதான்.

கன்றைப் பார்த்து வாங்குவது

சுங்கை பூலோ பக்கம் சாலையோரப் பண்ணைகளில் ஒரே வரிசையில் நூறு கன்று நிற்கும். அவற்றில் காய் அதிகம் தொங்கும் கன்றைத் தேடி எடுப்பதுதான் வழக்கமான தவறு. காய்த்த கிளையைப் பதியம் போட்டு வெட்டினால், வேர் சரியாகப் பிடிக்கும் முன்பே காய் தொங்கும். அது செடியின் பலத்தைக் காட்டாது. காயில்லாத, பல பக்கமும் கிளைத்த, புதுத் துளிர் விட்டிருக்கும் கன்றே மேல். காயோடுதான் கிடைத்தது என்றால் வீட்டுக்கு வந்ததும் எல்லாக் காயையும் கிள்ளிவிட வேண்டும். மனசு வராதுதான். அந்த ஒரு தடவை கிள்ளாதவர்கள்தான் பிறகு இரண்டு வருடம் பூவுக்குக் காத்திருப்பவர்கள்.

கன்றின் தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்கலாம். மண்ணோடு சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்திருக்கிறது. தண்டு மட்டும் ஆடினால் பதியம் புதிது. பையில் வைத்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுப்போட்ட இடம் மேடாகத் தெரிய வேண்டும், மண்ணுக்கு மேலே நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழிருந்து துளிர் வந்திருந்தால் அது வேர்ச்செடியின் கிளை. விட்டால் மேலே உள்ள எலுமிச்சையை விழுங்கிவிடும். வீட்டிலும் இதைக் கண்டவுடன் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இலையைத் திருப்பிப் பார்க்காமல் எந்தக் கன்றையும் வாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் தடவினால் சொரசொரவென்று, பழுப்பு நிறத்தில் மேடிட்ட புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றிருந்தால் அது சொறிநோய். மழை தெறிக்கும்போது பக்கத்துச் செடிக்கும் பரவும். அந்த வரிசையையே விட்டுவிட்டு வேறு பண்ணைக்குப் போவது நல்லது.

பழைய மரத்தைக் கூடவே கொண்டுவர

தோட்டத்து வீட்டைக் காலி செய்யும் குடும்பங்கள் பாத்திரம் பண்டம், சாமி படம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருகின்றன. மரம் மட்டும் அங்கேயே நின்று, பிறகு இயந்திரத்துக்கு இரையாகிறது. அந்த மரத்தையும் கொண்டுவர முடியும். மலாய்க்காரர்கள் ‘துட்’ என்று சொல்லும் விண்பதியத்துக்கு வேண்டியது ஒரு கத்தியும் இரண்டு மாத அவகாசமும்தான். வீட்டைவிட்டுப் போகும் தேதி தெரிந்தவுடனே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

பென்சிலைவிடச் சற்றுத் தடித்த, நேரான, வெயில் படும் கிளையாக எடுக்க வேண்டும். கிளையைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே இருக்கும் வழுவழுப்பைக் கத்தி முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். ரப்பர் மரத்தின் பட்டையைத் தொட்ட கைகளுக்கு அந்த வழுவழுப்பு எது என்று சொல்லத் தேவையில்லை. அது மிச்சமிருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. பிறகு நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை ஒரு கைப்பிடி அளவு அந்த இடத்தில் பொத்தி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரண்டு முனையையும் இறுகக் கட்ட வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். அப்போதே வெட்ட அவசரப்படாமல், வேர் பழுப்பேறிக் கிளைக்கும்வரை விட்டு, கட்டுக்குக் கீழே அறுத்து எடுக்கலாம். இலையில் பாதியைக் கிள்ளிவிட்டு, சின்னத் தொட்டியில் நட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

இந்தக் கன்று உருவத்தில் சின்னது, வயதில் தாய்மரத்தின் வயது. பிள்ளைப்பருவம் அதற்கு இல்லை. ஒன்றிரண்டு வருடத்தில் காய்க்கும். ஆணிவேர் இல்லாததால் தொட்டியிலும் சிரமப்படாது. கடையில் காசு கொடுத்துத் தேடும் குட்டை மரம் இதுதான். ஒன்றே போதும் என்று நினைக்காமல் மூன்று கிளையில் கட்டி வைத்தால் ஒன்றாவது நிச்சயம் தேறும். தாய்மரம் நோயில்லாததா என்பதை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். அதன் நோயும் கன்றோடு சேர்ந்தே வரும்.

தொட்டி, மண், தண்ணீர்

கன்றை எடுத்தவுடன் பெரிய தொட்டியில் நடுவது தப்பு. வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கிப் புளித்துப்போகும். முதலில் எட்டு பத்து அங்குலம், வேர் நிறைந்ததும் பதினான்கு, கடைசியில் பதினெட்டு அங்குலம் என்று ஏற்றிக்கொண்டே போகலாம். அடியில் ஓட்டை போட்ட பெயிண்டு வாளியும் போதும். தோட்ட மண்ணை மட்டும் போட்டு நிரப்பினால் நாலு மழையில் சிமெண்டுபோல இறுகிவிடும். மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்பது பழகிய கணக்கு. அதோடு கருக்கிய உமி ஒரு பங்கு சேர்த்தால் தண்ணீர் நன்றாக வடியும். தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். தண்டைச் சுற்றி மண்ணைக் குவிப்பது, எருவை முட்டுக்கொடுப்பது இரண்டும் அழுகலுக்கு வழி.

தொட்டியில் எலுமிச்சை சாவதற்கு முதல் காரணம் தண்ணீர் போதாமை அல்ல, தண்ணீர் மிகுதி. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். ஈரமாக இருந்தால் ஊற்றக் கூடாது. அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது, அதனால் இலை வாடும், வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவார்கள், கதை முடிந்தது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் மூன்று செங்கல் வைப்பது எல்லா வகையிலும் நல்லது. தட்டில் நிற்கும் தண்ணீர் வேருக்கும் ஆகாது, ஏடிஸ் கொசுவுக்கோ வீடு. மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழும், சிங்கப்பூரிலும், கொசு முட்டையிட இடம் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. சிங்கப்பூரில் வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடந்துபோக 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். மதில் விளிம்பில் தொட்டி வைப்பதை யாரும் நினைத்துப் பார்க்கவே கூடாது.

உரத்துக்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரருக்குத் தெரிந்த அதே மூட்டைகள்தான். வளரும் கன்றுக்குப் பச்சை உரம், அதாவது 15-15-15. காய்க்கும் வயது வந்ததும் நீல உரம், 12-12-17-2. பெரிய தொட்டிக்கு மாதம் ஒரு மேசைக்கரண்டி, சின்னதற்கு அரை. தண்டில் படாமல் தொட்டியின் ஓரமாகத் தூவித் தண்ணீர் விட வேண்டும். தொட்டியில் ஊற்றும் தண்ணீர் உரத்தைக் கழுவிக்கொண்டே போவதால், ஒரே நேரத்தில் அள்ளிப் போடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே பலன் தரும். கீழ் இலைகளில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக நின்று, மீதி மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அடுத்த துளிரில் தேறும்.

பூக்காத மரம்

நன்றாகத் தண்ணீர் ஊற்றி, நன்றாக உரம் போட்டு, இலை கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் மரம் பூக்காததைப் பார்த்துக் குழம்புபவர்கள் தோட்டத்து மரத்தை நினைத்துப் பார்க்கலாம். வெயில் காலத்தில் இலை சுருண்டு, செத்துப்போகுமோ என்று நிற்கும். முதல் மழை விழுந்த சில வாரத்தில் கிளை முழுக்கப் பூவாக இருக்கும். குளிர்நாட்டில் பனிக்காலம் செய்கிற வேலையை நம் ஊரில் வறட்சி செய்கிறது. பெர்லிஸ், கெடா பக்கம் வருடத் தொடக்கத்தில் வரும் காய்ச்சல் அதை இயற்கையாகவே தருகிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மழை விடாததால் மரத்துக்கு அந்தச் சைகை கிடைப்பதில்லை.

தொட்டி வைத்திருப்பவருக்கு இதில் ஒரு வசதி: மரத்தை நகர்த்தலாம். கூரை நீட்டத்துக்கு அடியில், வெயில் படும், மழை படாத இடத்துக்கு மாற்றி, தண்ணீரை நிறுத்த வேண்டும். பிற்பகலில் இலை லேசாகச் சுருள ஆரம்பித்து, காலையில் மறுபடி விரிந்தால் சரியான நிலை. தொட்டியின் அளவைப் பொறுத்து சில நாள்களிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகலாம். காலையிலும் விரியாமல் சுருண்டே இருந்தால் எல்லை தாண்டிவிட்டது, உடனே தண்ணீர் விட வேண்டும். இந்த நிலை வந்ததும் நன்றாக நனைத்து, நீல உரம் போட்டு, வெயிலுக்குக் கொண்டுவந்தால் புதுத் துளிரோடு பூவும் வரும். ஆறு மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில் இந்த வித்தை பலிக்காது. வேர் பிடிக்காத கன்றிலும் செய்யக் கூடாது.

ஒரு மரம் தனியாக நின்றாலும் காய்க்கும், துணை மரம் தேவையில்லை. பூத்ததில் பெரும்பகுதி உதிர்வதும் இயல்புதான். பூவிலிருந்து பறிப்புக்கு எலுமிச்சைக்கும் கஸ்தூரிக்கும் சுமார் ஐந்து மாதம். லெமனுக்கு இன்னும் கூடுதல்.

கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

நம் வீட்டு வாசல்களில் இரண்டு மரமும் ஒட்டி ஒட்டி நிற்பது வழக்கம். எலுமிச்சை வளர்ப்பில் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உள்ள ஆபத்து இதில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். அதனால்தான் முதலில் பறவை எச்சம்போலவும் பிறகு பச்சையாகவும் தெரியும் வண்ணத்துப்பூச்சிப் புழு இரண்டையும் தின்கிறது. புழுவால் பெரிய கேடில்லை, கையால் பொறுக்கிப் போடலாம். துளிரில் வெள்ளிக் கோடுபோடும் புழுவையும் பெரிய மரம் தாங்கிக்கொள்ளும்.

கேடு செய்வது சில்லிட் என்ற பூச்சி. மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்பு நிறம். இலையில் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி, முள் குத்தியதுபோலச் சாய்ந்து உட்காரும். அந்த உட்காரும் விதமே அடையாளம். குஞ்சுகள் துளிரில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வெள்ளை மெழுகுநூலை வெளியே தள்ளும். இளந்துளிரில் மட்டுமே முட்டையிடும். கறிவேப்பிலைத் துளிர் அதற்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. வேலிக்கு வைக்கும் கெமுனிங் செடியும் அப்படித்தான்.

இந்தப் பூச்சி நோயுள்ள மரத்தில் சாறு குடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் பச்சைநோய்க் கிருமியைக் கொண்டுபோகிறது. நம் நாட்டில் லீமாவ் மாடு தோட்டங்கள் பலவற்றை வீழ்த்தியது இந்த நோய். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2005இல் கண்டறியப்பட்ட பிறகு அங்கே ஆரஞ்சுத் தொழிலே சரிந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் தாயின் பெட்டியிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையை விமான நிலையத்தில் எடுத்துவிடுவதற்கும் காரணம் இந்தப் பூச்சிதான்.

நோயை இலையில் கண்டுபிடிக்கலாம். சத்துக் குறைவால் வரும் மஞ்சள் இலையின் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார்த்ததுபோல. பச்சைநோயில் ஒரு பக்கம் ஒரு விதம், மறுபக்கம் வேறு விதம், திட்டுத் திட்டாக. பேனாவால் நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். காய் கோணலாகி, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும், கசக்கும். சாப்பிட்டால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. மரத்துக்கு மட்டும் மருந்து இல்லை. எலுமிச்சை வகைகள் ஆரஞ்சைவிட நோயைத் தாங்கி வருடக்கணக்கில் நிற்கும். அத்தனை காலமும் தெரு முழுவதற்கும் நோயை விநியோகித்துக்கொண்டிருக்கும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, முதலில் பூச்சியை அழிக்க மருந்து அடித்துவிட்டு, பிறகு வேரோடு எடுத்துவிடுவதே வழி. அதிலிருந்து பதியம் போட்டு யாருக்கும் கொடுக்கவே கூடாது.

இதற்காகக் கறிவேப்பிலையை வெட்டச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது, வெட்டவும் வேண்டாம். கறிவேப்பிலை ஒரு மூலை என்றால் எலுமிச்சைத் தொட்டி மறுமூலை என்று தள்ளி வைக்க வேண்டும். வாரம் ஒரு நாள் இரண்டு மரத்தின் துளிரையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பூச்சி தெரிந்த துளிரைக் கிள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சவர்க்கார நீரும் கலந்து, வெயில் சாய்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். கறிவேப்பிலை சமையலுக்குப் போவது என்பதால் அதற்கு வேறு கடுமையான மருந்து வேண்டாம். பூச்சி ஓயும்வரை வாரம் ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். வாசலில் கெமுனிங் வேலி இருந்தால், கறிவேப்பிலையைக் காப்பாற்றி அதை எடுத்துவிடுவது பற்றி யோசிக்கலாம்.

பறிக்கும்போது

காய்த்து முடிந்த பிறகுதான் கத்தரிக்கோல். உள்பக்கம் திரும்பிய கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, நேராக வானம் பார்த்து ஓடும் தடித்த கிளை மூன்றையும் எடுத்துவிட்டு, மற்றவற்றின் நுனியைக் கிள்ளினால் மரம் குடைபோல நிற்கும். சொறி தெரியும் கிளைகளை மழையில்லாத நாளில் வெட்ட வேண்டும்.

காயைப் பிடித்து இழுத்தால் தோல் கிழிந்து இரண்டு நாளில் அழுகும். காம்போடு வெட்டி எடுக்க வேண்டும். சாற்றுக்குப் பச்சை மாறி வெளிரும்போது பறிக்கலாம். ஊறுகாய்க்கு எலுமிச்சையை மஞ்சளாகும்வரை விடலாம்; லெமனைப் போலன்றி இது நம் வெயிலிலேயே மஞ்சளாகும். பறித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெயிலில் இறங்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் நல்ல வெயிலில் கொப்பளித்துக் கறுத்துப் போவதுண்டு. பிள்ளைகளைத் தொட்டிப் பக்கம் விட்டுச் சாறு பிழிந்து விளையாட விடுபவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.